ஆதம்பாக்கத்து ஆவாரை

கடப்பாரை இறங்கிய இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து 'மடக்' என்று ஒரு சத்தம் வந்தது. வேர் முறிந்துவிட்டது என்பது கைக்கு உடனே தெரிந்துவிட்டது. மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை. குனிந்து மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தேன். என் கட்டைவிரல் பருமனில் ஒரு வேர், நேராகக் கீழே போகிற வேர், பாதியில் நார்நாராகப் பிய்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஆதம்பாக்கத்தில் நாங்கள் வெகுகாலம் குடியிருந்த வாடகை வீட்டின் வாசல். சாமான்களையெல்லாம் முந்தின வாரமே பெருங்குடிக்கு மாற்றியாகிவிட்டது. வீட்டுக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் இடிக்க வருகிறார்கள். வீட்டுக்குள் என்னுடையது என்று எதுவும் பாக்கியில்லை. வாசலில், சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற அந்த ஆவாரைச் செடி மட்டும்தான்.

தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் செல்வி கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யண்ணா, இத்தப் போயி இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற? நர்சரிக்குப் போனா எத்தினியோ செடி கீது."

"சுபா வெச்சது செல்வி."

அவள் கடைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு அரிசிச் சாக்கோடு திரும்பி வந்தாள். அதைக் குழாயில் நன்றாக நனைத்து விரித்தாள்.

"மண்ண ஒதிராத. அப்டியே அலாக்கா தூக்கு. நா இந்தாண்ட புட்ச்சிக்கிறேன்."

இருவரும் சேர்ந்து செடியைத் தூக்கிச் சாக்கில் வைத்தோம். நான்கைந்து பூங்கொத்துகள் அப்போதும் மஞ்சளாக நின்றன. தன் வேர் போனது பூவுக்குத் தெரிய நேரமாகும்போல.

விதை போட்டால் முளைக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? எனக்கு வேண்டியிருந்தது அவள் கை வைத்த செடி.

லிஃப்டுக்குள் ஒரு குரல்

நான் லிஃப்ட் மெக்கானிக் என்பதை இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்கள் அறிவார்கள். இந்த வாரம் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். அரூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்து இந்த ஊருக்கு வந்தவன். இன்றைக்கும் தி.நகரில் பாதிக் கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகள்தான் எனக்கு ஆபீஸ்.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம். கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். நான் கதவில் காதை வைத்து, "பயப்படாதீங்கம்மா, பத்திரமாத்தான் நிக்குது. கையால சுத்தி எறக்கிடுவோம்" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க எந்த ஊர்?"

இத்தனை வருஷத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் என்னென்னவோ கத்தியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"தர்மபுரிப் பக்கம். அரூர்."

"அதான் பேச்சு வேற மாதிரி இருக்கு. இருட்டா இருக்கு. எதையாவது பேசிண்டே இருங்கோளேன்."

மேலே கூட்டாளி சக்கரத்தைச் சுற்ற வேண்டும், நான் கீழே கதவருகே நிற்க வேண்டும். முகம் தெரியாத பெண்ணிடம் எதைப் பேசுவது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கம் மழையே கிடையாது, கல்லும் கரடும்தான், ஆடு மேய்க்கவும் புல் இருக்காது, ஆனால் ஒரு செடி மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும் என்றேன்.

"என்ன செடி?"

"ஆவாரை."

"பாத்ததே இல்ல."

கதவு திறந்தபோது என் இடுப்பு உயரத்தில் இரண்டு செருப்புகள் தெரிந்தன. அந்தக் கட்டடத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த மயிலாப்பூர்ப் பெண், சுபா. கீழே குதித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாங்க்ஸ். ஆவாரைன்னா சொன்னேள்?" என்று கேட்டாள்.

யார் தோட்டம் இது?

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. சொல்லிவிட்டு வருகிறேன் என்று மயிலாப்பூருக்குத் தனியாகப் போனவள், நான் காத்திருந்த குளக்கரைக்கு அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய அப்பா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். சத்தம் போடவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டாராம், அவ்வளவுதான். "அம்மா ஜன்னல்கிட்ட நின்னா" என்று மட்டும் சொன்னாள்.

என் பக்கத்தில் கதவைச் சாத்தவில்லை. திறந்தும் வைக்கவில்லை. அரூரில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். யாரும் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது கிளம்புகிறோம் என்று மட்டும் அடிக்கடி கேட்டார்கள். கிளம்பினோம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கு எதிரே ஒரு கரடு. கீழிருந்து மேல்வரை ஆவாரை பூத்துக் கிடந்தது. அண்ணன் வீட்டிலிருந்து வாயே திறக்காமல் வந்தவள், அதைப் பார்த்ததும், "யார் தோட்டம் இது?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் வெக்கல. தண்ணி ஊத்துறவனும் கெடையாது. ஆடுகூட வாய் வெக்காது."

அவள் சிரிக்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், காய்ந்து தட்டையாகத் தொங்கிய காய்களைப் பறித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

ஆதம்பாக்கத்தில் முதலில் போட்ட விதைகள் முளைக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் போடு என்று யாரோ சொன்னார்கள். அப்படிப் போட்டதில் ஒன்றே ஒன்று வந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றாதே என்று அவளைத் தடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. மயிலாப்பூரில் துளசிக்கு நீர் விட்டு வளர்ந்த கை, சும்மா இருக்காது.

செடி சுவர் உயரத்துக்கு வந்து ரோட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சேலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே நிறைய. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்பு ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையையும் சேர்த்து வாசலில் செருகுவோம். காப்புக் கட்டுவது என்போம். மயிலாப்பூர் மாட வீதியில் வாங்க வேண்டியதை எங்கள் வாசலில் சும்மாவே பெற்றுக்கொள்ளலாம் என்றால் யார் விடுவார்கள்? போகிக்கு முதல் நாள் காலையிலிருந்தே பெண்கள் வந்துவிடுவார்கள். நான் வேலைக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வரும்போது செடி மொட்டையாக நிற்கும். எங்கள் வீட்டுக்கென்று ஒரு கொத்தைத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பாள். நான் நாற்காலியில் ஏறி வாசல் நிலைக்கு மேலே செருக, கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் போன செய்தியும் எங்களுக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அன்று அவள் வழக்கம்போலச் சமைத்தாள். சாப்பிடவில்லை.

மயிலாப்பூர் வீடு

போன வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் சுபா போய்விட்டாள். அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுதமாட்டேன் என்று ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறேன். அவளுடைய அப்பா வரவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சில மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து ரகு போன் செய்தான். ரகு சுபாவின் தம்பி. அவன் என்னை அத்திம்பேர் என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லியும் கூப்பிடமாட்டான். வாக்கியத்தை எப்படியோ வளைத்துக் கொண்டுபோய்விடுவான்.

"அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டார். பெரிசா ஒண்ணும் இல்ல. வேலைக்கு வர்றவ மத்தியானத்தோட போயிடறா. வாரத்துல ஒரு தடவ யாராவது போய்ப் பாத்தா... கேக்கக் கூச்சமா இருக்கு. வேற யாரும் ஞாபகத்துக்கு வரல."

பெருந்தன்மையாகப் போனேன் என்று நினைக்க வேண்டாம். அவள் வளர்ந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய வீட்டின் கீழ்ப் பகுதி. அவர்தான் கதவைத் திறந்தார். நான் நினைத்துவைத்திருந்ததைவிட ரொம்பச் சின்ன உருவம்.

"ரகு சொன்னான். உள்ள வாங்கோ."

அந்த வீட்டுக்குள் நான் முதல்முறை கால் வைக்கிறேன் என்பது அவருடைய எண்ணம். சுபா சொல்லிச் சொல்லி எனக்கு அது முழுக்கத் தெரிந்த வீடு. கூடத்தில் ஜன்னல் பக்கம் தரை கொஞ்சம் சரிந்திருக்கும் என்று தெரியும். சமையலறைக் கதவு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். கிணற்றடிக்குப் போகும் நடையில் ஒரு படி மட்டும் உயரம் அதிகம், தெரியாதவர்கள் தடுக்குவார்கள். நான் தடுக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

பாத்ரூமில் கைப்பிடி பொருத்தினேன். அடுத்த சனிக்கிழமை குழாய் வாஷர். அதற்கடுத்த வாரம் கூடத்து ஃபேன். பழுது பார்க்க ஒன்றும் இல்லாமல் போனபோது எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தோம். மெட்ரோ வேலைக்காக எந்த ரோட்டை மூடியிருக்கிறார்கள் என்று பேசுவோம். லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று கேட்பார். கூண்டுக்கு ஈடாக மறுபக்கம் தொங்கும் எதிரெடை பற்றி எனக்கே அவர் விளக்கியிருக்கிறார். அவள் பெயர் அந்த வீட்டில் ஒருமுறைகூட வரவில்லை. திரும்பி வரும் ரயிலில் நான் முன்பைவிடத் தனியாக இருப்பதுபோலத் தோன்றும். போனால் இப்படி ஆகிறது என்று தெரிந்தும், சனிக்கிழமை வந்தால் கிளம்பிவிடுவேன்.

சாக்கில் வந்த செடி

பெருங்குடியில் நான் எடுத்திருந்தது நாலாவது மாடி. தொட்டி வைக்கவே கைப்பிடிச் சுவரில்தான் இடம். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை சாக்கைக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்குத்தான் விட்டேன். மண்ணோடு திறந்த இடம் என்று நான் அறிந்தது அந்தக் கிணற்றடி ஒன்றுதான்.

"இன்னா சார், செடிய இட்டுக்கினு மாமியார் ஊட்டுக்கா?" என்றார் ஆட்டோக்காரர். விளையாட்டாகத்தான் கேட்டார்.

"மாமனார் வீடு."

"அவுரு இன்னா சொல்லுவாரு?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வதென்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். யார் வைத்தது என்று கேட்பார். அவள் பெயரைச் சொல்ல வேண்டிவரும். வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றால், அதன் பிறகு சனிக்கிழமைகளும் கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே வந்துகொண்டிருந்த மஞ்சள் பூவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் தேவைப்படவில்லை.

"கெணத்தடியில வெச்சுடலாம்" என்றார். "காலை வெயில் அங்கதான் வரும்."

குழி தோண்டினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செடி நிமிர்ந்து நிற்கும்வரை தண்டைப் பிடித்துக்கொள்ளத் தானாகவே எழுந்து வந்தார். அவருடைய விரல்கள் சுபாவின் விரல்கள். அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க சார். இது வறண்ட நெலத்துச் செடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிணற்றடி

அவர் ஊற்றினார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறார் என்று வேலை செய்யும் அம்மா என்னிடம் சொன்னார். "நா சொன்னா கேக்கறாரா? பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி மணி பாத்து ஊத்தறாரு."

முதலில் பூ உதிர்ந்தது. பிறகு இலைகள் மஞ்சளாகி, தொட்டால் விழுந்தன. ஒரு சனிக்கிழமை போனபோது குச்சிகள்தான் நின்றன. அவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"போயிடுத்தா, பாருங்கோ."

நகத்தால் தண்டைக் கீறினேன். உள்ளே பச்சை இல்லை. இன்னும் கீழே கீறினேன். அங்கேயும் இல்லை.

"போயிடுச்சு சார்."

"நான் ஜலம் விட்டிருக்கப்படாது."

"வேர் அன்னிக்கே முறிஞ்சுபோச்சு. என் கடப்பாரையிலதான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. "அங்க நன்னா இருந்தது" என்றார். "சுவருக்கு மேல வந்து ரோட்டைப் பாத்துண்டு இருந்தது. அத்தனை பூ."

ஆதம்பாக்கத்தில் செடி எங்கே, எப்படி நின்றது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. கீறிக்கொண்டிருந்த கையை எடுத்தேன்.

"நீங்க எப்ப சார் பாத்தீங்க?"

"அவ அம்மா போனதுக்கு அப்புறம். எந்த வருஷம்னு சொல்லத் தெரியல. போகிக்கு மொத நாள். ரகுகிட்ட விலாசம் வாங்கிண்டு பஸ்ல போனேன். எதிர்த்தாப்ல ஒரு மருந்துக்கடை இருந்ததே, அது வாசல்ல நின்னேன். நாலஞ்சு பொம்மனாட்டிகள் பூ கேட்டுண்டிருந்தா. இவ ஒடிச்சு ஒடிச்சுக் குடுத்துண்டிருந்தா. சிரிச்சுண்டிருந்தா."

"அவ உங்களப் பாத்தாளா?"

"பாத்தா."

கிணற்றின் மேல் போட்டிருந்த கம்பி வலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பறந்து போனது.

"எல்லாரும் போனப்புறம், கையில ஒரு கொத்து பூவோட ரோட்டைத் தாண்டி வந்தா. என் கையில குடுத்தா. அவாளுக்கெல்லாம் குடுத்தாளே, அதே மாதிரி. உள்ள வாங்கோன்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தா போயிருப்பேனான்னும் தெரியல. நான் வாங்கிண்டேன். அவ திரும்பிப் போயிட்டா. அவ்வளவுதான்."

"பூவை என்ன பண்ணீங்க?"

"பஸ்ல மடியில வெச்சுண்டு வந்தேன். ஆத்துல வெச்சா யாராவது கேட்டா என்ன சொல்றது? அப்புறம் தோணித்து, கேக்கறதுக்கு ஆத்துல யாரு இருக்கான்னு. இருந்தாலும்... சீட்லயே வெச்சுட்டு எறங்கிட்டேன்."

அவர் அழவில்லை. உயரமான அந்தப் படியில் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனார். உள்ளே காபி கலக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சேர்த்து.

அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் தேடிக்கொண்டே வந்தேன். அடையாற்றைத் தாண்டியது தெரியவில்லை. எந்தச் சாயங்காலம் அது? வருஷா வருஷம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாளே, அதில் எந்த வருஷம்? முகம் வாடி இருந்த நாள் ஏதாவது உண்டா? குரல் கம்மியிருந்த நாள்? சாப்பிடாத நாள்? ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான் இருந்தாள். 'இன்னும் கொஞ்சம் வலது பக்கம் செருகுங்கோ' என்று சொன்னாள். அப்பா வந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோபம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வந்தது. என்னிடம் சொல்ல என்ன தடை? அவள் மனசில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் இந்தத் தனிமையையே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெருங்குடியில் இறங்காமல் வேளச்சேரி வரை போய்விட்டேன். எல்லோரும் இறங்கிப்போன பெட்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே வண்டியில் திரும்பினேன்.

இன்னொரு சனிக்கிழமை

நடுவே ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. வேலை என்று போனில் சொன்னேன். "சரி" என்றார். அதற்கடுத்த வாரம் போனேன்.

காய்ந்த குச்சி அங்கேயே இருந்தது. எடுத்துவிடவா என்று நான் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. காபி வந்தது. பேப்பரைப் பிரித்தார். இரண்டு வாரமாக நெஞ்சில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"சார், அன்னிக்கு அவ என்ன கட்டியிருந்தா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்போல உடனே பதில் வந்தது.

"புடவை இல்ல. நைட்டி. தோள்ல ஒரு துண்டு. நைட்டி நீலத்துல வெள்ளைப் புள்ளி. கீழ ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கிண்டிருந்தது. தடுக்கிவிட்டுடுமே, தெச்சுக்கோன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டா."

அந்த நைட்டி எனக்குத் தெரியும். ரங்கநாதன் தெருவில் கூட்டத்தில் இடிபட்டு வாங்கியது. இப்போது அவளை என்னால் பார்க்க முடிந்தது. பூவோடு ரோட்டைத் தாண்டிப் போகிறாள், திரும்பி வருகிறாள்.

"அதைக் கடைசிவரைக்கும் தைக்கல சார்" என்றேன். "ஊக்குதான் குத்திப்பா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் பேசாமல் வைத்திருந்த அவளுடைய சின்ன வயசு முதல்முறையாக வெளியே வந்தது.

"ஸ்கூல் போறச்சேயும் அப்படித்தான்" என்றார். "பாவாடை பூரா ஊக்கு."